இளவரசியை எழுப்பாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் பிளாக் சமுதாயக் கூடத்தில் ஒரு நாடகம் நடந்தது. கதை, வசனம் அடியேன். கதாநாயகி மேடையிலேயே தூங்கிவிட்டாள்.

நடிப்பு இல்லை. நிஜத் தூக்கம். லேசான குறட்டையோடு... அதுவும் மைக்கில்.

"உன் எழுத்தைப் படிச்சிட்டு வாசகர்கள் தூங்கினது தெரியும். நடிகையே தூங்கினது இதுதான் முதல் தடவை" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். இத்தனை வருட நெய்வேலி வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான ஒரு சாயங்காலத்தை நான் பார்த்ததில்லை. அதனால்தான் வீட்டில் குவிந்து கிடக்கும் துணியை மடிக்காமல் உங்களிடம் சொல்ல உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பிளாக்கில் வருடத்துக்கு ஒருமுறை குடும்ப விழா நடக்கும். குழந்தைகள் டான்ஸ், கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், கடைசியில் சாப்பாடு. இந்த வருடம் பெண்கள் குழுவுக்குத் திடீரென்று ஒரு வேகம் வந்துவிட்டது. குழந்தைகள் ஆடினது போதும், இந்தத் தடவை பெரியவர்கள் நாம் நாடகம் போடலாம் என்றார்கள்.

எழுதுவது யார்? வாராவாரம் பத்திரிகையில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் ஒருத்தி பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கும்போது வெளியில் ஆள் தேடுவார்களா?

நான் ஒரு யோசனை சொன்னேன். குழந்தைகளுக்குச் சொல்கிற கதை ஒன்றைப் பெரியவர்களுக்காகத் திரும்பச் சொல்லுவோம். யோசித்துப் பாருங்கள்... அந்தக் கதைகளை நாம் பெரியவர்களான பிறகு ஒழுங்காகக் கேட்டிருக்கிறோமா? பிள்ளைக்குச் சாதம் ஊட்டும்போது வாய் ராஜகுமாரன் கதையைச் சொல்லும். மனசு குக்கரில் வைத்த பருப்பிடம் இருக்கும்.

தூங்கும் இளவரசி கதையைத் தேர்ந்தெடுத்தேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ராஜாவுக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. பெயர் சூட்டும் விருந்துக்கு எல்லா தேவதைகளையும் கூப்பிடுகிறார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் கோபத்தோடு வந்து, 'இவள் ஊசி குத்திச் சாவாள்' என்று சாபம் விடுகிறாள். இன்னொரு நல்ல தேவதை அதைக் கொஞ்சம் குறைத்து, 'சாக மாட்டாள், நூறு வருடம் தூங்குவாள்' என்று மாற்றுகிறாள். அப்படியே நடக்கிறது. இளவரசியோடு அரண்மனையே தூங்குகிறது. சுற்றிலும் முள்காடு வளர்கிறது. கடைசியில் ஒரு இளவரசன் வந்து எழுப்புகிறான். சுபம்.

ஒத்திகையின் முதல் நாளே கதை சந்தி சிரித்தது.

கோபக்காரத் தேவதையாக நடித்தவர் பாக்கியம் அக்கா. திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து எத்தனையோ வருடம் ஆகியும் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் வற்றவில்லை. கதையைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இவ கெட்டவன்னு எப்படிச் சொல்லுதிய? ஊருக்கெல்லாம் பத்திரிகை வச்சிட்டு இவளுக்கு மட்டும் வைக்கலன்னா கோவம் வராதா? எங்க பெரிய மாமா வீட்டுக் கல்யாணத்துல போன்ல சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் நாங்க அந்த வீட்டுப் படி ஏறலை. இவளாவது நேர்ல வந்து சாபம் விட்டாளே."

அத்தனை பேரும் பாக்கியம் அக்கா கட்சி. தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைக்காத ராஜாவும் ராணியும்தான் குற்றவாளிகள் என்று ஒருமனதாகத் தீர்ப்பானது. நான் வில்லியை விசாரிக்காமலே தண்டித்துவிட்டேனாம்.

அடுத்த சிக்கல், இளவரசன் எப்படி எழுப்புவான்? மூலக் கதையில் முத்தம். பிளாக் விழா மேடையில், பிள்ளை குட்டிகள் முன்னால், சீஃப் கெஸ்ட் முன்னால்... பேச்சை எடுத்ததுமே இளவரசனாக நடித்த தாமோதரன் சார் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். அவர் கோயமுத்தூர்க்காரர். சுரங்கத்தில் வேலை, ஓய்வு பெறும் நேரம். மீசைக்கு மை அடித்து இளவரசன் ஆகியிருந்தார்.

"அதெல்லாம் ஆகாதுங்க. வேணும்னா நான் நல்லாச் சத்தமாக் கூப்பிடறனுங்க. சுரங்கத்துல மெஷின் ஓடறப்பவே என் குரல் கேக்குமுங்க" என்றார்.

சரி, 'இளவரசியே, எழுந்தருள்க' என்று ஒரு குரல். அவள் எழுவாள். எழுந்து பேசும் வசனம்தான் நாடகத்தின் உயிர். நாடகம் முழுக்க அவளுக்கு அந்த ஒரு வசனம்தான் என்பதால் நன்றாக இழைத்து எழுதியிருந்தேன்.

அந்த வசனத்துக்குச் சொந்தக்காரிதான் சுமதி.

சுமதிக்குத் திருவதிகை சொந்த ஊர். நிலக்கரிக் கம்பெனியின் மின்நிலையக் கன்ட்ரோல் ரூமில் வேலை. பெர்மனென்ட். புருஷன் செல்வத்துக்குச் சுரங்கத்தில். இரண்டு பேருக்கும் ஷிப்ட். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டுகிற குடும்பம். ஒரே மகள் கயல், சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

இளவரசி யார் என்று கேட்டதும் கையைத் தூக்கியவள் சுமதி மட்டும்தான். பிறகு தனியாக என்னிடம் வந்து காரணம் சொன்னாள்.

"ஸ்கூல்ல நாடகம்னா நான் நெட்டையா இருக்கறன்னு எப்பவும் மரம் வேஷம்தாங்கா குடுப்பாங்க. கைய தூக்கிக்கினு நிக்கணும். மரத்துக்கு ஏது வசனம்? ஒரே ஒரு தபா மேடையில வாயத் தொறந்து பேசிடணும்கா. அதான் ஆச."

அந்த ஆசையோடு வசனத்தை அவள் படித்த படிப்பு இருக்கிறதே... ஷிப்ட் பஸ்ஸில் முணுமுணுத்தாள். துணி துவைக்கும்போது சொன்னாள். தினமும் மகளுக்குப் போன் போட்டு ஒப்பித்தாள். நான் எழுதியதை இத்தனை தடவை யாரும் படித்ததில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பாக்கியம் அக்கா மட்டும் அதிலும் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார். "இவர் வந்து தொண்டை கிழியக் கூப்பிடுதாரு. அவ எந்திரிச்சு, நான் ஒண்ணும் உன்னால எந்திரிக்கலன்னு சொல்லுதா. இது பொய்லா?" இலக்கியத்தில் இதெல்லாம் கேட்கக் கூடாது என்று சமாளித்துவிட்டேன். உள்ளுக்குள் உறுத்தியது உண்மை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் காலையில் வந்து தூங்குகிறவரை எழுப்புவது நெய்வேலியில் மகாபாவம். ஜன்னலில் போர்வை கட்டியிருந்தால் அந்த வீட்டில் நைட் முடித்தவர் தூங்குகிறார் என்று அர்த்தம். காய்கறிக்காரர் அந்த வாசலில் வாயைத் திறக்க மாட்டார். கூரியர்க்காரர் பெல் அடிக்காமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். குக்கர் விசில் அடிக்கும் முன்பே கரண்டியால் தூக்கிவிடும் கலையை நான் கல்யாணமாகி வந்த முதல் மாதமே கற்றுக்கொண்டேன்.

விழா நாள் வந்தது. மேக்கப் போடும்போது சுமதியின் கண்கள் கோவைப்பழம் மாதிரி இருந்தன. என்னவென்று கேட்டேன்.

"கூட வேல செய்யிற பொண்ணுக்கு வூட்டுல வளகாப்புக்கா. ஷிப்ட்டு மாத்திக் குடுன்னு கேட்டுச்சி, நேத்து நைட்டு நான் போயிட்டேன். காலைல வந்து படுக்கலாம்னு பாத்தா மைக்செட்டுக்காரரு ஹலோ ஹலோன்னு ஆரம்பிச்சிட்டாரு. மத்தியானம் பாத்தா கேஸ் சிலிண்டரு. அப்பறம் கயலு வந்துச்சி. அதுக்குப் புடிக்கும்னு கருவாட்டுக் கொழம்பு வச்சேன்."

"தூங்கவே இல்லையா?"

"வேஷமே தூங்கற வேஷந்தானக்கா, பாத்துக்கலாம்" என்று சிரித்தாள்.

நாடகம் தொடங்கியது. பாக்கியம் அக்கா சாபம் விட்டதற்குக் கைதட்டல். ஊசி வேண்டுமே என்று தையல் மெஷினை மேடையில் வைத்திருந்தோம். சுமதி விரலில் ஊசி குத்திக்கொண்டு, 'ஆ' என்று அழகாகச் சாய்ந்து, ஜமக்காளம் விரித்த கட்டிலில் படுத்தாள். ராஜா, ராணி, சேவகர் எல்லோரும் ஆங்காங்கே சரிந்தார்கள். பண்ருட்டிப் பக்கத் தோப்பிலிருந்து கொண்டுவந்த முந்திரிக் கிளைகளை முள்காடு என்று சுற்றி நட்டார்கள். மெல்லிசாக ஒரு புல்லாங்குழல் ஓடியது. நூறு வருடம் கழிய வேண்டுமல்லவா?

தாமோதரன் சார் அட்டைக் கத்தியால் முந்திரிக் கிளைகளை விலக்கிக்கொண்டு வந்தார். கட்டிலருகே நின்று, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, வாயைத் திறந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். சுமதியின் வசனத்துக்காகக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டிருந்த மைக்கில், மெதுவாக, சீராக... குறட்டை.

கூடம் சிரித்தது. தாமோதரன் சார் குனிந்து பார்த்தார். பிறகு திரை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். மைக் இருப்பதை மறந்துவிட்டு ரகசியம் சொன்னார்.

"ஏனுங்க மேடம், புள்ள நெசமாலுமே தூங்குதுங்க."

கூப்பிடுங்கள் என்று நான் கையைக் காட்டினேன். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். முன்வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தப் பொண்ணு நேத்து நைட்டு முடிச்சிட்டு வந்திருக்குது. எழுப்பாதீங்க."

அவ்வளவுதான். சிரிப்பு யாரோ ஸ்விட்சைத் தட்டியது போல நின்றது. மைக்செட்டுக்காரர் புல்லாங்குழலை நிறுத்தினார். ஒருவர் மேடை விளக்கைக் குறைத்தார். இன்னொருவர் ஓரத்தில் இருந்த பெரிய மின்விசிறியைச் சுமதி பக்கம் திருப்பினார். சீஃப் கெஸ்ட்டாக வந்த அதிகாரி தன் போனை எடுத்து சைலன்டில் போட்டார். அவரும் ஒரு காலத்தில் ஷிப்ட் பார்த்தவர்தானே?

ஒருத்தி நிஜமாகத் தூங்க, ராஜாவும் ராணியும் சேவகரும் தூங்குவது போல் நடித்தபடியே ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்ய? என் நாடகத்தின் உயிரான வசனம் பாக்கி.

கயல் முன்வரிசையிலிருந்து எழுந்து என்னிடம் ஓடிவந்தாள். "ஆன்ட்டி, அம்மாவ எழுப்புங்க. அந்த டயலாக்க டெய்லி போன்ல சொல்லிக்கினே இருந்துச்சி. பேசாம நாடகம் முடிஞ்சிதுன்னா அப்பறம் ரொம்ப அழுவும்."

பாக்கியம் அக்கா குறுக்கே வந்தார். "நைட் முடிச்சிட்டு அசந்து தூங்குதவளைத் தொட்டு எழுப்பச் சொல்லுதியா? பாவம்லா."

"வசனம் பேசாமப் போனா அது இன்னும் பாவம் அத்த."

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். தூங்கவிட்டால் அவள் ஆசை போச்சு. எழுப்பினால் தூக்கம் போச்சு. எதை எடுத்துத் தருவது ஒரு மனுஷிக்கு? கயல் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராக மேடையேறிக் கட்டிலருகே போனாள். அம்மாவின் தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு சத்தம் போடாமல் கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் மெதுவாகப் பக்கத்தில் போனேன். "அம்மா இப்டி அசந்து தூங்கி நான் பாத்ததே இல்ல ஆன்ட்டி. நான் எழுந்துக்கும்போது சமையல்கட்டுல நிக்கும். நான் படுக்கும்போதும் அங்கதான் நிக்கும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பிறகு நடந்ததை நெய்வேலியில் மட்டும்தான் பார்க்க முடியும். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் திட்டம் போடவில்லை. முதல் வரிசைக்காரர்கள் பூனை மாதிரி எழுந்து வெளியே பந்திக்குப் போனார்கள். அவர்கள் கேசரி வரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுத்த வரிசை எழுந்தது. அடுத்த ஷிப்டில் பொறுப்பு வாங்கிக்கொள்ளும் ரிலீவர் வராமல் இடத்தை விட்டுப் போகக் கூடாதே. ஷிப்ட் போட்டு ஒருத்தி தூக்கத்துக்குக் காவல் இருந்தார்கள். தாமோதரன் சார் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். சாபம் விட்ட பாக்கியம் அக்கா அந்தப் பக்கம் உட்கார்ந்து கொசு விரட்டினார். அழுத ஒரு கைக்குழந்தையை அதன் அப்பா வெளியே தூக்கிக்கொண்டு ஓடினார். கூடம் நிறைய ஜனம். கேட்டது குறட்டை மட்டும்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நல்ல ஜனங்களோடா இவ்வளவு நாளாகக் குழாயடியிலும் ரேஷன் கடையிலும் முறைத்துக்கொண்டு இருந்தேன்?

சுமதி தானாகத்தான் எழுந்தாள். புரண்டாள். கண்ணைத் திறந்தாள். சட்டென்று எழுந்து உட்கார்ந்து, தலையில் சரிந்திருந்த அட்டைக் கிரீடத்தோடு மைக்கில் கேட்டாள்.

"பஸ்ஸு போயிடுச்சா?"

அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒன்றாக வெடித்தது. கூரை பறந்திருக்கும். சுமதி கூடத்தைப் பார்த்தாள், தாமோதரன் சாரைப் பார்த்தாள், காலடியில் மகளைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று புரிந்ததும் முகம் வாடிப்போனது.

"தூங்கிட்டேனா? அய்யோ... இவ்ளோ நேரமாவா? இத்தினி பேரு இருந்தும் யாரும் எழுப்பலியா?"

"நைட் முடிச்சவங்களை எப்படிங்க எழுப்பறது?" என்றார் தாமோதரன் சார்.

 சுமதி, குறை சொல்கிற குரலே இல்லாமல், ஏதோ ஆச்சரியத்தைச் சொல்வது போல் சொன்னாள்.

"எங்க வூட்ல அவரு நைட்டு முடிச்சி வந்தா கயலு கொலுசக் கூட கழட்டி வச்சிடும். நான் முடிச்சி வந்தா, குழம்பு எங்க, சாவி எங்கன்னு எழுப்பிக்கினே இருப்பாங்க. எனக்காக ஒருத்தரும் இப்டி சும்மா இருந்ததில்லீங்க."

கூடத்தில் இருந்த கணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே சுற்றுகிற மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்கள். கடைசி வரிசையில் நின்ற செல்வம் மட்டும் குனிந்து தரையைப் பார்த்தார். அவரை மட்டும் சொல்வானேன்? ஜன்னல் போர்வையைப் பற்றி மேலே அவ்வளவு பெருமையாக எழுதினேனே... சுமதி நைட் முடித்து வரும் நாட்களில் அந்த ஜன்னல் திறந்தே கிடப்பதைத் தினமும் கடந்து போகிற நானும் கவனித்ததில்லை.

"சரி, இருங்க. இன்னும் டயலாக் இருக்கு" என்றாள் சுமதி.

கிரீடத்தை நேராக வைத்தாள். கட்டிலை விட்டு இறங்கி, அந்த உயரத்துக்கு நிமிர்ந்து நின்றாள். தாமோதரன் சார் அவசரமாக எழுந்து அட்டைக் கத்தியைத் தேடினார். அவர் கூப்பிடவே இல்லை. சுமதி ஆரம்பித்துவிட்டாள்.

"இளவரசே, நான் தூங்கியது சாபத்தால். ஆனால் விழித்தது உம்மால் அல்ல. என் நேரம் வந்தது, விழித்தேன். முள்காட்டை வெட்டி வந்த களைப்பு உமக்கு இருக்கும், அமர்ந்து இளைப்பாறும். என் ராஜ்யத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. தயிர்சாதக் கையோடு வாசலில் நின்றவர்கள்கூட இடது கையால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கயல் விசிலே அடித்துவிட்டாள். பாக்கியம் அக்கா என் காதருகே வந்து, "இப்பம் பொய் இல்லட்டீ, நெசம்" என்றார். ஓட்டையை நான் அடைக்கவில்லை. தூக்கம் வந்து அடைத்தது.

எல்லாம் முடிந்து, மேடைக்குப் பின்னால் சுமதிக்கு நான் பவுடரைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். செல்வம் ஒரு தட்டில் சாம்பார் சாதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். சுமதி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்கா, அந்தப் பொண்ணு நூறு வருசம் யாரும் எழுப்பாம தூங்கிக்கினு இருந்துச்சே... அதயா சாபம்னு எழுதி வச்சிருக்காங்க?"

எழுதியவர் யாரோ, எந்தக் காலமோ. ஆனால் எழுதும் முன் தன் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அதை வரம் என்றுதான் எழுதியிருப்பார்.